ஒரு தட்டு, பிறகு இரண்டு

மய்யித்தைக் குளிப்பாட்ட முற்றத்தில் போர்வைகளைக் கோத்து மறைப்புக் கட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே, இறந்தவரின் மனைவி நூர்ஜஹான் பேகம் தலையணைகளைப் புரட்டிப் போட்டுப் போனைத் தேடிக்கொண்டிருந்தாள். இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய வெந்நீரின் வாசம் ஜன்னல் வழியாக வந்தது. விடிகாலையில் பஜ்ர் பாங்கு முடிந்த கையோடு யாக்கூப் கண்ணை மூடினார். அதிலிருந்து அவள் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை, ஒரு சொட்டு அழவுமில்லை. அழுகை எங்கே போய்த் தொலைந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. போன் எங்கே போனது என்பதுதான் இப்போதைக்குப் பெரிய கவலை.

"என்னத்த இப்பிடிக் கெளறுதிய மைனி?" என்றாள் தஸ்ரின். யாக்கூபின் தங்கை, குளச்சலில் வாழ்க்கைப்பட்டவள். காலையில் ஆட்டோவை விட்டு இறங்கும்போதே அழுதுகொண்டு இறங்கியவள், அழுது ஓய்ந்த பிறகு வீட்டு அதிகாரம் மொத்தத்தையும் கையில் எடுத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல."

"போனையா தேடுதிய? மய்யித்து வீட்டுல இப்ப அது என்னத்துக்கு? யாசீன் ஓதுற பிள்ளைய பக்கத்துல வந்து இரிங்க."

நூர்ஜஹான் அதைக் காதில் வாங்கவில்லை. போன் கட்டிலுக்கடியில் மருந்துப் பெட்டிக்குப் பின்னால் கிடந்தது. எடுத்துக்கொண்டு அடுக்களை மூலைக்குப் போனாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, சத்தத்தைக் குறைத்து, காதோடு அழுத்தி வைத்தாள்.

யாக்கூபின் குரல் வந்தது. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் மூக்கடைப்பு. மேலே ஒரு சுரம், கீழே ஒரு சுரம், இரண்டையும் மாற்றி மாற்றி மிதித்து, 'நூர்... ஜஹான்... நூர்... ஜஹான்' என்று பாடியது. அவ்வளவுதான். அதற்குமேல் அதில் ஒரு வரி கிடையாது. ஆடி மழை தொடங்கியதிலிருந்து அவள் காலையில் ஒருமுறையும் இரவு படுக்கும்போது ஒருமுறையும் இதைக் கேட்டு வந்தாள். மூன்று வேளை மாத்திரை அவருக்கு, இரண்டு வேளைப் பாட்டு இவளுக்கு என்று மருமகள் முப்ஷிரா கேலி பேசுவாள். பேசட்டும் என்று விட்டிருந்தாள்.

அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வந்ததைக் கேட்க அவள் எத்தனை காலம் காத்திருந்தாள் என்பது முப்ஷிராவுக்கு எங்கே தெரியப்போகிறது.

யாக்கூப் தன் பெண்டாட்டியைப் பேர் சொல்லி அழைத்தவரில்லை. தேங்காப்பட்டணத்தில் அந்த வயசு ஆம்பிளைகள் யாரும் அழைத்ததில்லை, அதனால் அது குறை என்று அவளுக்கும் தோன்றியதில்லை. நிக்காஹ் அன்றைக்குக்கூட அவள் பேரைச் சொன்னது ஓதி வைத்த லெப்பைதான். இவர் 'கபில்த்து' என்று ஒத்துக்கொண்டதோடு சரி. அதன் பிறகு வீட்டில் "தேய் இஞ்ச", "சோறு எடுக்கலாமா", "எங்க போயிட்டு எல்லாரும்" என்றுதான் பேச்சு. எல்லாரும் என்றால் அவள் ஒருத்திதான்.

ஆனால் கதவு தட்டுவதில் மட்டும் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. மார்த்தாண்டத்தில் அவருக்குக் குடைக்கடை. கடையடைத்துக் கடைசி பஸ்ஸைப் பிடித்து வருவார். அதற்குள் பிள்ளைகள் தூங்கியிருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு விரல் மொட்டியால் ஒரு தட்டு. ஒரு மூச்சு விடும் நேரம் சும்மா நிற்பார். பிறகு இரண்டு தட்டு, சேர்த்து. அந்த இரண்டாவது முடிவதற்குள் அவள் கதவைத் திறந்திருப்பாள். மகன் நௌஷாத் துபாய் போய் முதல் சம்பளத்தில் ஒரு காலிங் பெல் வாங்கி மாட்டினான். குருவி கத்துகிற மாதிரி ஒரு சவத்து பெல். ஊரெல்லாம் வந்து அதை அமுக்கியது, யாக்கூப் ஒருநாளும் அதைத் தொட்டதில்லை. அமுக்கினால் பிள்ளைகள் எழுந்துவிடும் என்பார். பிள்ளைகள் வளர்ந்து, கட்டிக்கொண்டு போன பிறகும் அதையேதான் சொன்னார்.

போன வருஷம் மழைக்கால வியாபாரம் தொடங்கும் நேரத்தில், குடைக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தவர் கடையிலேயே சாய்ந்தார். வலது பக்கம் விழுந்துவிட்டது. வாய் கோணிப் பேச்சு போய்விட்டது. வருவதெல்லாம் 'அ... அ...' என்று ஒரு சத்தம் மட்டும். சொல்ல நினைப்பது கண்ணில் தெரியும், வாயில் வராது. வராத ஆத்திரத்தில் தண்ணீர்க் குவளையைத் தட்டிவிடுவார். பிறகு அழுவார். சந்தையில் நாலு பேரை அதட்டி வியாபாரம் செய்த மனுஷன் கஞ்சிக்கு வாயைத் திறந்தபடி அழுவதைப் பார்க்க யாருக்கும் தாங்காது.

நந்தனாவை ஏற்பாடு செய்தது நௌஷாத். வீடு தேடி வந்து நோயாளிகளைப் பார்க்கும் நாகர்கோவில் டாக்டர் ஒருவரின் ஆட்களோடு அவள் வருவாள். திற்பரப்புப் பக்கத்துப் பெண், சென்னையில் மியூசிக் தெரபி படித்தவள், வாரத்துக்கு இரண்டு நாள் ஸ்கூட்டரில் வந்து இறங்குவாள். தெருவில் எல்லாரும் பாட்டு டீச்சர் என்றே சொன்னார்கள். படுத்துக் கிடக்கிறவருக்குப் பாட்டுப் படிப்பித்து என்ன கச்சேரிக்கா அனுப்பப் போகிறார்கள் என்று தஸ்ரின் போனில் கேட்டாள்.

"பேச்சு இருக்க எடம் வேற, பாட்டு இருக்க எடம் வேற உம்மா," என்று நந்தனா முதல் நாளே நூர்ஜஹானிடம் சொன்னாள். "பேச்சு வார வழி அடஞ்சு போச்சு. பாட்டு வார வழி தொறந்துதான் கெடக்கு. நாம வார்த்தைய அந்த வழியா வெளிய கூட்டிட்டு வருவோம். மாமா என்ன பாட்டு பாடுவாவ?"

நூர்ஜஹானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாட்டா? அவியளா? எளமையில மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டுல கொடைய கையில தொங்கப் போட்டுட்டு கூவி வித்தாவ. அதுதான் பாட்டு."

"எப்படிக் கூவுவாவ?"

நூர்ஜஹான் வெட்கப்பட்டுக்கொண்டே கூவிக் காட்டினாள். நந்தனாவுக்கு அது போதுமாயிருந்தது. யாக்கூபின் இடது கையைப் பிடித்துக் கட்டில் பலகையில் மெதுவாகத் தாளம் தட்ட வைத்து, 'கொட... கொட...' என்று இழுத்தாள். முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு நாள் அவள் 'கொட...' என்று நிறுத்தியதும் கோணிய வாயிலிருந்து 'யேய்' என்று வந்தது. சுத்தமாக, பழைய பஸ் ஸ்டாண்டுக் குரலில். அடுக்களையிலிருந்து முப்ஷிரா கரண்டியோடு ஓடி வந்தாள்.

அதிலிருந்து ஒவ்வொன்றாக வந்தது. 'தண்ணி தா' வந்தது, 'வலிக்கு' வந்தது, 'போதும்' வந்தது. எல்லாம் பாட்டாகத்தான். இராத்திரித் தூக்கம் திரும்பியது. பிரஷர் இறங்கி டாக்டர் ஒரு மாத்திரையைக் குறைத்தார். குவளையைத் தட்டிவிடுவது நின்றது. பேரன் அமீன் பேரைப் பாடினார். பக்கத்துக் கடையில் டீ ஆற்றும் குமாரதாஸ் பார்க்க வந்த அன்றைக்கு 'குமாரா... தாஸே' என்று பாட, இரண்டு கிழவன்களும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

நூர்ஜஹானுக்கு அது பொறுக்கவில்லை. உள்ளதைச் சொன்னால், குமாரதாஸ் குடித்துவிட்டுப் போன டீ கிளாஸை அவள் கழுவாமல் ஒரு நாள் முழுக்க அப்படியே போட்டிருந்தாள். மலமும் மூத்திரமும் அள்ளுவது நான், புரட்டிப் படுக்க வைப்பது நான், பேரு வருவது டீக்கடைக்காரனுக்கு. எனக்க பேரு மட்டும் அந்த வாயில ஒட்டமாட்டேங்குதே என்று அடுக்களையில் பாத்திரங்களிடம் சண்டை போட்டாள். அவள் அறைக்குள் உட்கார்ந்தால் அவர் முகத்தைச் சுவரோடு திருப்பிக்கொண்டு வாயையே திறக்காமல் கிடப்பார். கண்ணில் நீர் வழியும். "தொடக்கத்துல கொஞ்சநாள் வெளிய இரிங்க உம்மா. உங்க முன்னால தோத்துப் போவ கூச்சப்படுதாவ," என்றாள் நந்தனா. நூர்ஜஹான் வெளியே வந்தாள். வந்தவள் சாப்பாட்டையும் விட்டாள். கஞ்சித் தண்ணீரோடு நாள் ஓடியது. முப்ஷிரா துபாய்க்குப் போன் போட்டுச் சொன்னாள்.

அப்போதுதான் நௌஷாத் இந்தப் பாட்டை அனுப்பினான். "உம்மா, டீச்சர் எனக்கு அனுப்பின ரெக்கார்டிங். வாப்பா உங்க பேர பாடியிருக்காவ, கேளுங்க." கேட்டாள். கேட்டுக்கொண்டே நின்றாள். அன்றைக்கு மீன்குழம்பு ஊற்றி வயிறாரச் சாப்பிட்டாள். யாக்கூப் காக்கா பெஞ்சாதிக்க பேரப் பாடிட்டாவளாம் என்று தெருவே பேசியது. அந்த வயசில் அவளுக்குக் கன்னம் சூடாகியது.

"நீங்க வெளிய இருந்ததாலதான் வந்துச்சு," என்றான் நௌஷாத். "இன்னும் கொஞ்சநாள் பாட்டு நேரத்துல உள்ள போவாதீங்க உம்மா. உங்களக் கண்டா வாப்பாக்கு வெப்ராளம் வருது, படபடன்னு ஆயிருது. இது டீச்சர் சொல்லச் சொன்னது." சரி என்றாள். பேரு வந்த பிறகு இனி என்ன. டீச்சர் வரும் நாளெல்லாம் கதவு சாத்தியிருக்கும், இவள் ஹாலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். உள்ளே பாட்டும் பலகையில் தட்டும் சத்தமும் கேட்கும்.

முற்றத்தில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. நூர்ஜஹான் போனை முந்தியில் சுற்றிக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். யாசீன் ஓதும் பெண்களுக்குப் பின்னால், வாசலோரத்தில், துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு நந்தனா உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. நூர்ஜஹான் நேராகப் போய் அவள் கையைப் பிடித்து அடுக்களைக்குக் கூட்டி வந்தாள்.

"நீ செய்தத நான் மறக்கமாட்டேன் மோளே. படச்சவன் உனக்கு ஒரு கொறையும் வைக்காண்டாம். எனக்க பேர அந்த வாயிலேந்து எடுத்துத் தந்தியே."

நந்தனா புரியாமல் பார்த்தாள். "பேரா உம்மா?"

"பின்ன? இத நீதான அனுப்பின." நூர்ஜஹான் போனை எடுத்து வைத்தாள்.

பாட்டு ஓடியது. நந்தனா தலையைச் சாய்த்துக் கேட்டாள். ஒருமுறை கேட்டுவிட்டு இன்னொருமுறை வைக்கச் சொன்னாள். அவள் முகம் மாறுவதை நூர்ஜஹான் பார்த்துக்கொண்டே இருந்தாள். வீட்டுக்காரருக்கு வாய் கோணிய அன்றைக்கு டாக்டர் முகம் அப்படித்தான் மாறியது.

"நல்லாதான் இருக்கு உம்மா," என்றாள் நந்தனா. சொல்லிவிட்டு எழுந்தாள்.

"இரி. நல்லா இருக்கான்னு நான் கேக்கல்ல. இது எப்ப பாடினாவ?"

"இன்னொரு நாள் பேசுவோம் உம்மா. இன்னைக்கு வேண்டாம்."

"இன்னைக்குத்தான் மோளே. இன்னும் கொஞ்ச நேரத்துல தூக்கிட்டுப் போயிருவாவ."

நந்தனா தாழ்ந்த குரலில் சொன்னாள். "இது 'தண்ணி தா'க்குள்ள மெட்டு. நான் போட்டது. ஆனா மாமாவால ரெண்டு வார்த்தைக்கு மேல மூச்சு விடாம பாட முடியாது. எடையில நின்னு இழுப்பாவ, அந்தச் சத்தம் கேக்கும். இதுல மூச்சே இல்ல உம்மா. உங்க பேர நான் எத்தனையோ நாள் சொல்லிக் குடுத்துப் பாத்தேன். வரல்ல. நாக்குக்குப் பழகாத பேரு, பாட்டுலயும் வர மாட்டேன்னு போச்சு."

வெளியே யாரோ இன்னும் ஒரு குடம் தண்ணீர் கேட்டார்கள்.

"அப்ப என்ன உள்ள வரவேண்டாம்னு சொன்னது?"

"அது முதல்ல கொஞ்சநாளுதானே. பொறவு நான்தான் உங்கள உள்ள இருத்தணும்னு பலதடவ சொன்னேன். அவிய பாடும்போது நீங்க பக்கத்துல இருந்தா இன்னும் நல்லா வரும்னு. உம்மாக்கு மனசில்ல, பாத்தா அழுவாவ, வற்புறுத்தாண்டாம்னு நௌஷாத் சார் சொன்னாவ. நான் நம்பிட்டேன்."

நந்தனாவுக்குச் சும்மா நிற்க முடியவில்லை. நல்லதாக எதையாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, மெதுவாகச் சொன்னாள். "என்கிட்டயும் முடிவுல அலுத்துப் போயிருக்கும் மாமாக்கு. பாட்டு முடிஞ்சதும் போதும், நீ கெளம்புன்னு கதவப் பாத்துட்டு பலகையில தட்டுவாவ. நான் சொல்லிக் குடுத்த தாளமெல்லாம் ஒரே சீரா போற தாளம். இது அவியளா தட்டுறது."

"எப்பிடித் தட்டுவாவ?"

நந்தனா அடுப்புத் திண்டில் விரல் மொட்டியால் தட்டிக் காட்டினாள். ஒரு தட்டு. ஒரு மூச்சு. பிறகு இரண்டு, சேர்த்து.

நூர்ஜஹானுக்கு மடியில் கிடந்த கீரைதான் ஞாபகத்துக்கு வந்தது. அவள் இதைக் கேட்டிருந்தாள். ஒருநாள் இல்லை, எத்தனையோ நாள். சாத்திய கதவுக்கு அந்தப் பக்கமிருந்து. கேட்டதும் மடிக்கீரை சிந்த எழுந்தும் இருந்தாள். "டீச்சர் வெளிய வரட்டும் மாமி, மாமாக்கு வெப்ராளம் வந்திரும்," என்று முப்ஷிரா சொல்வாள். அவளும் இது பாட்டுக்குத் தட்டுகிற தாளமாக இருக்கும், நம்ம காதுக்குத்தான் அப்படிப் படுகிறது என்று சிந்திய கீரையைப் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். சமயத்தில் தனக்குத்தானே சிரித்தும் கொண்டாள். இந்த வயசில் என்ன பைத்தியம் என்று.

"கடைசி வரைக்கும் தட்டினாவளா?"

நந்தனா தலையசைத்தாள். இல்லை என்று. "கடைசி ரெண்டு மூணு வாரமா தட்டுறத நிறுத்திட்டாவ உம்மா. பாடுறதயும் கொறச்சுட்டாவ. ஒடம்புக்கு முடியல்லன்னு நெனச்சேன்."

நல்ல பெண். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவளுக்குத் தெரிந்தது பாட்டு, அந்த வீட்டுக் கதவு அவளுக்கு எப்படித் தெரியும். நூர்ஜஹான் அவள் தோளில் கையை வைத்து, "போயிட்டு வா மோளே," என்று மட்டும் சொன்னாள்.

கஃபன் துணி உடுத்தி, அத்தர் பூசி, ஹாலில் சந்தூக்குப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். ஆம்பிளைகள் விலகி முற்றத்துக்குப் போனார்கள். "மொகம் பாக்குறவிய வந்து பாத்துக்கிடுங்க," என்று தஸ்ரின் கூப்பிட்டாள். தலைமாட்டில் நௌஷாத் நின்றான். வாப்பாவுக்கு முடியவில்லை என்று கேட்டு முந்தாநாள்தான் விமானத்தில் வந்து இறங்கியிருந்தான். கண் வீங்கியிருந்தது. பாசமில்லாத பிள்ளை என்று யாரும் அவனைச் சொல்ல முடியாது, அதுதான் நூர்ஜஹானுக்கு இப்போது வயிற்றெரிச்சலாக இருந்தது. பாசமில்லாதவன் செய்திருந்தால் திட்டிவிட்டுப் போகலாம்.

அவள் கணவன் முகத்தைப் பார்த்தாள். கோணியிருந்த வாய் நேராகியிருந்தது. இப்போது கேட்டால் பேசிவிடுவார் போலிருந்தது.

முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், பக்கத்தில் நின்ற மகனிடம் கேட்டாள். "மோனே, அந்தப் பாட்டு பாடினது யாரு?"

நௌஷாதுக்கு எந்தப் பாட்டு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. "வாப்பாக்க கொரலுதான் உம்மா."

"கொரலக் கேக்கல்ல. பாடினது யாரு?"

அவன் ஓதிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தான். குரலை இறக்கிச் சொன்னான். "வாப்பா முன்ன அனுப்பின வாய்ஸ் மெசேஜ் நெறைய எனக்கிட்ட இருந்துச்சு. ஸ்டாக் வந்துச்சா, கரண்ட் பில்லு கெட்டினியா அப்பிடீன்னு. அத ஒரு ஆப்புல போட்டா, அந்தக் கொரலு நாம சொல்லுறத எல்லாம் சொல்லும், பாடும். நீங்க சோறு திங்காம கெடந்தியளே உம்மா. அங்கேந்து நான் வேற என்ன செய்ய முடியும்?"

"அதுக்கு எனக்கு உள்ள போவ மனசில்லன்னு டீச்சருகிட்ட சொல்லணுமா?"

"உள்ள போனா பேரு வரல்லன்னு உங்களுக்குத் தெரிஞ்சு போவும்லா." அவனுக்கு அழுகை வந்தது. "பொறவு பேசலாம் உம்மா. ஆளு நிக்குதாவ."

"பொறவு யாருகிட்ட பேச? நான் கேட்டது இவியகிட்ட. இவிய தரல்லன்னா தரல்லன்னு கெடந்திருப்பேன். நீ எதுக்குத் தந்தே?"

நூர்ஜஹான் குனிந்து, சந்தூக்கின் மரச் சட்டத்தில் விரல் மொட்டியால் தட்டினாள். ஒரு தட்டு. ஒரு மூச்சு. பிறகு இரண்டு. ஓதல் ஒரு கணம் தடுமாறியது. "மைனி, என்ன செய்திய?" என்று தஸ்ரின் கையைப் பிடிக்க வந்தாள். நூர்ஜஹான் அவள் கையை விலக்கினாள்.

"கேட்டியா? இது உனக்குத் தெரியாது. நீ ஒறங்கிக் கெடப்பே. கடைசி பஸ்ஸுல வந்து இவிய இப்பிடித்தான் என்னக் கூப்பிடுவாவ. இந்த ரூமுக்குள்ள கெடந்து அத்தன நாளும் தட்டியிருக்காவ. இந்தச் சத்தத்துக்கு நான் எந்திரிக்காம இருந்த நாள் ஒண்ணு கெடயாது. நீ என்ன உக்காத்தி வச்சிட்டே மோனே."

அவள் சத்தம் போடவில்லை. சொல்லிவிட்டு முந்தியிலிருந்து போனை எடுத்து அவன் சட்டைப் பையில் போட்டாள். "இதுல கெடக்கிறது உனக்கது. எடுத்துக்க."

முகத்தை மூடினார்கள். முற்றத்திலிருந்து ஆம்பிளைகள் வந்தார்கள். நௌஷாத் முன்பக்கம் தோள் கொடுத்தான். கலிமா சொல்லிக்கொண்டு சந்தூக்கு படியிறங்கியதும் தஸ்ரின் பெருங்குரலெடுத்து அழுதாள். பெண்களெல்லாம் வாசல் வரைக்கும் வந்து நின்றார்கள். நூர்ஜஹான் வரவில்லை. யாக்கூப் கிடந்த அறைக்குள் போய்க் கட்டில் பலகையை ஒருமுறை கையால் தடவிப் பார்த்துவிட்டு வந்தாள். இடது கைப் பக்கம் ஒரு இடத்தில் பாலிஷ் தேய்ந்திருந்தது.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு வெள்ளைத் துணி கொண்டுவந்து கொடுத்தார்கள். நாலு மாசம் பத்து நாள் இத்தா தொடங்கிவிட்டது, இனி உள்ளறையில்தான் இருக்க வேண்டும் என்றாள் தஸ்ரின். "இருக்கேன். அதுக்கு இன்னும் நாளு கெடக்கு," என்று நூர்ஜஹான் ஹாலிலேயே, வாசல் கதவுக்கு நேரே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். ஒரு மழை பெய்து ஓய்ந்தது. வந்த பெண்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். தஸ்ரின் அழுத களைப்பில் உள்ளே கிடந்து தூங்கினாள். ஆம்பிளை இல்லாத வீடு என்று முப்ஷிரா வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போனாள். வந்தவர்களுக்குக் கட்டன்சாயா போட்ட பாத்திரங்கள் மலையாகக் கிடந்தன.

அந்தி மஃரிப் தொழுகை முடிந்து பள்ளிவாசல் மைக் ஓய்ந்தது. கபரில் அடக்கும் வேலையெல்லாம் முடித்து, பள்ளியில் தொழுதுவிட்டுத் தெருவில் ஆட்கள் திரும்பும் பேச்சுச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. படியில் யாரோ ஏறினார்கள். செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

குருவி கத்தும் என்று நூர்ஜஹான் காத்திருந்தாள். கத்தவில்லை.

கதவில் ஒரு தட்டு விழுந்தது. ஒரு மூச்சு விடும் நேரம் ஒன்றுமில்லை. பிறகு இரண்டு, சேர்த்து.

அவள் எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டாவது தட்டு முடியும் முன்னால் கை தாழ்ப்பாளில் இருந்தது.

"உம்மா," என்றது வெளியிலிருந்து. நௌஷாதின் குரல், அழுது தொண்டை கட்டியிருந்தது. "உம்மா, நான்தான்."

அடுக்களையில் முப்ஷிரா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு, "யாரு மாமி?" என்று கேட்டாள்.

நூர்ஜஹான் பேகம் தாழ்ப்பாள் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள்.